பாக்கி பில்லும் பார்டர் ரோடும்: கடலூர், புதுச்சேரி சின்ன யூனிட்டுகளுக்கு ஆர்பிட்ரேஷன் முழு வழிகாட்டி

கடலூர்ல ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட், கஸ்டமர் சேதராப்பட்டுல. இல்லனா அப்படியே திருப்பிப் போட்டுக்கங்க, யூனிட் தட்டாஞ்சாவடியில, கஸ்டமர் கடலூர் சிப்காட்ல. ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில்னு வண்டி போய்க்கிட்டே இருக்கும், எது தமிழ்நாடு எது புதுச்சேரின்னு சாராயக்கடை போர்டை வச்சுதான் பாதிப் பேர் கண்டுபிடிப்பாங்க. பில்லுல ஐஜிஎஸ்டி போடற நேரம் தவிர இந்த பார்டர் யாருக்கும் ஞாபகம் வராது, பணம் ஒழுங்கா வந்துட்டு இருக்கற வரைக்கும்.

பில்லு நின்னு போச்சு, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே"ன்னு ஆறு மாசமா அதே பதில், அப்பதான் இந்த பார்டர் பெரிய விஷயமா வந்து நிக்கும். ஏன்னா ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் பதிலா ஒரு நடுவரை வச்சுத் தகராறைத் தீர்க்கற முறைக்கு, இருக்கற சட்டம் 1996ல பார்லிமெண்ட் போட்ட மத்திய சட்டமா இருந்தாலும், அதுக்குள்ள மாநிலம் வந்து கை வைக்கிற இடம் நிறைய இருக்கு. அந்த இடமெல்லாம் தெரிஞ்சவன் பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்தாகும்போதே பாதி கேஸை ஜெயிச்சுடறான், தெரியாதவன் மும்பைக்கு டிக்கெட் போடறான். அதுதான் இந்த வழிகாட்டி. சின்னத் தொழில் பண்றவங்களுக்காக எழுதறேன், சட்டக் கல்லூரி நோட்ஸ் மாதிரி இருக்காது.

மாநிலத்துக்கு இதுல என்ன வேலை

அரசியலமைப்புல பொதுப் பட்டியல்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல 13வது இனத்துல ஆர்பிட்ரேஷன் இருக்கு. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். மத்திய சட்டத்தோட மோதினா ஜனாதிபதி ஒப்புதல் வாங்கியிருந்தா அந்த மாநிலத்துக்குள்ள மாநிலச் சட்டம் நிக்கும், 254(2) அதைத்தான் சொல்லுது.

இதை வச்சு மாநிலங்கள் பண்ணின சோதனைகள் சுவாரசியமானது. மத்தியப் பிரதேசம் 1983லயே அரசு கான்ட்ராக்ட் வேலை தகராறுக்குன்னு தனியா ஒரு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பாயம் வச்சுது. உங்க கான்ட்ராக்ட்ல என்ன கிளாஸ் (ஷரத்து) போட்டிருந்தாலும் சரி, அங்கதான் போகணும். இது செல்லுமான்னு வருஷக்கணக்கா இழுத்து, 2018ல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் செல்லும்னு சொல்லிடுச்சு. குஜராத்தும் 1992ல இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்துது. கேரளா வேற வழியில போச்சு: 1998ல ஒரு சட்டம் போட்டு அரசு கான்ட்ராக்ட்ல இருந்த ஆர்பிட்ரேஷன் கிளாஸையே ரத்து பண்ணி, ஏற்கெனவே வந்த அவார்டுகளையும் (ஆர்பிட்ரேட்டர் கொடுத்த தீர்ப்புகளையும்) திரும்பத் திறக்கலாம்னு சொல்லுச்சு. 2022ல சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுது. காரணம் கவனிங்க, மாநிலத்துக்கு சட்டம் போட அதிகாரம் இல்லன்னு சொல்லல, முடிஞ்ச அவார்டைத் திரும்பத் திறக்கறது கோர்ட்டோட வேலைக்குள்ள கை விடறதுன்னுதான் சொல்லுச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். அரசாங்கமே தோத்த மேட்ச்சை திரும்ப ஆடணும்னு கேட்டா சின்னக் கான்ட்ராக்டர் எங்க போவான்?

போபால் பக்கம் டெண்டர் எடுக்கற நம்ம ஊர் ஆளுங்களுக்கு அந்த 1983 சட்டம் நேரடியாவே வந்து விழும், அதனால வெளி மாநில அரசு வேலை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாநிலத்துல இப்படித் தனித் தீர்ப்பாயம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. தமிழ்நாடு அப்படிப் போகல. இங்க நடந்தது வேற மாதிரி, அமைதியா, ஆனா நமக்கு அதிகம் உதவற மாதிரி: மெட்ராஸ் ஹைகோர்ட் 2005லயே கோர்ட்டோட சேர்ந்த மீடியேஷன் சென்டர் ஆரம்பிச்சுது, அப்புறம் தன்னோட மேற்பார்வையிலயே ஆர்பிட்ரேஷன் சென்டர் ஒண்ணு வச்சு 2017ல விதிகளும் போட்டுது, இன்னொரு பக்கம் மாநில அரசு சின்னத் தொழில் பாக்கி வசூலுக்கான கவுன்சிலை சென்னையில மட்டும் வைக்காம திருச்சி, மதுரை, கோயம்புத்தூர்னு நாலாப் பிரிச்சுது. புதுச்சேரிக்கு தொழில் துறைக்குக் கீழ தனி கவுன்சில்.

முதல் வேலை: நீங்க யாருன்னு முடிவு பண்ணுங்க

எம்எஸ்எம்இ சட்டம் 2006 (மைக்ரோ, ஸ்மால், மீடியம் தொழில்களுக்கான சட்டம்) உங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதா, இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி. பொருந்தினா மாநிலக் கவுன்சில் வழி திறந்திருக்கு, பொருந்தலன்னா ஆர்பிட்ரேஷன் கிளாஸ் இல்லனா கோர்ட்.

மைக்ரோ, ஸ்மால் ரெண்டுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, மீடியத்துக்கு கிடையாது. 2025 ஏப்ரல் 1ல இருந்து வரம்பு ஏறியிருக்கு: மைக்ரோன்னா முதலீடு 2.5 கோடி வரை, டர்ன்ஓவர் 10 கோடி வரை. ஸ்மால்னா முதலீடு 25 கோடி, டர்ன்ஓவர் 100 கோடி வரை. முந்தி மீடியம்னு இருந்த நெறைய யூனிட் இப்ப ஸ்மால்ல வந்துடுச்சு, ஒரு தடவை உதயம் சர்டிபிகேட்டை, அதாவது மத்திய அரசோட எம்எஸ்எம்இ பதிவை, எடுத்துப் பாருங்க.

வாங்கி விக்கிற வியாபாரியா இருந்தா உதயம் ரிஜிஸ்ட்ரேஷன் கிடைக்கும், ஆனா அது பேங்க் லோனுக்கான முன்னுரிமைக்கு மட்டும்தான். பாக்கி வசூல் கவுன்சிலுக்கு அது போதாது. பண்ருட்டியில முந்திரி உடைச்சு பதப்படுத்தி விக்கிறவர் உள்ள வருவார், அதே முந்திரியை மூட்டையா வாங்கி அப்படியே கைமாத்தறவர் வெளிய நிப்பார். கட்டட வேலை மாதிரி பொருளும் வேலையும் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கும் இந்தக் கவுன்சில் கிடையாதுன்னு பல ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால பில்லு போடும்போதே சப்ளை தனி, எரெக்ஷன் (நிறுத்திப் பொருத்தற வேலை) தனின்னு ஆர்டர் வாங்க முடியுமான்னு பாருங்க.

உதயம் ரிஜிஸ்ட்ரேஷன் எப்ப எடுத்தீங்கன்றது பெரிய சண்டை. 2021லயும் 2022லயும் சுப்ரீம் கோர்ட் சொன்னது, கான்ட்ராக்ட் போடற தேதியிலயே ரிஜிஸ்ட்ரேஷன் இருந்திருக்கணும், பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய் ரிஜிஸ்டர் பண்ணினா பழைய பில்லுக்கு உதவாது. 2025 ஜனவரியில இன்னொரு பெஞ்ச் அப்படி ஒண்ணும் சட்டத்துல இல்லையேன்னு சொல்லி மூணு நீதிபதி பெஞ்சுக்கு அனுப்பிச்சுது. இந்த வாதத்துக்குள்ள எல்லாம் நீங்க மாட்டிக்க வேண்டாம், இன்னிக்கே ரிஜிஸ்டர் பண்ணுங்க, காசு கிடையாது, ஆதாரும் பானும் இருந்தா போதும். எடுத்த நம்பரை இன்வாய்ஸ்ல அச்சடிச்சுடுங்க, அப்புறம் "நீங்க எம்எஸ்எம்இன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்"னு எவனும் கேக்க முடியாது.

பர்ச்சேஸ் ஆர்டரைப் படிங்க, பின்பக்கத்தையும்

பெரிய கம்பெனி ஆர்டர் அனுப்பும்போது பின்னாடி சின்ன எழுத்துல ஒரு பக்கம் இருக்கும். ரேட்டும் குவான்டிட்டியும் பாத்துட்டு நாம சீல் போட்டு அனுப்பிடறோம். அந்தப் பக்கத்துல தேட வேண்டியது மூணு: ஆர்பிட்ரேட்டரை யாரு நியமிக்கறா, சீட் எங்க, எத்தனை பேர்.

சீட்ன்றது உக்காந்து விசாரிக்கற ஹால் இல்ல. எந்த ஊர் கோர்ட்டுக்கு இந்த ஆர்பிட்ரேஷன் மேல அதிகாரம்னு அதுதான் சொல்லுது. சீட் மும்பைன்னு போட்டா, நீங்க பொருள் கொடுத்தது புதுச்சேரியில, வாங்கினவன் புதுச்சேரியில, ஒரு ஆணி கூட மும்பைக்குப் போகலன்னாலும் இன்டரிம் ஆர்டர்ல (இடைக்கால உத்தரவுல) இருந்து அவார்டை எதிர்க்கற மனு வரைக்கும் எல்லாமே மும்பை கோர்ட்தான், 2017லயே சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. அதனால பேரம் பேச இடம் இருக்கற ஒரே நேரம் ஆர்டர் வர்ற நேரம். ரேட்ல ரெண்டு ரூபா குறைக்கச் சொல்வாங்க, சரி குறைச்சுக்கறேன் சீட்டை மட்டும் கடலூர்னு மாத்துங்கன்னு கேட்டுப் பாருங்க, பர்ச்சேஸ் மேனேஜருக்கு அது என்னன்னே தெரியாது, பாதி நேரம் மாத்திக் கொடுத்துடுவாரு.

கடலூரா புதுச்சேரியா சென்னையா? கடலூர்னு போட்டா மஞ்சக்குப்பத்துல இருக்கற மாவட்ட அளவு கோர்ட், புதுச்சேரின்னு போட்டா அந்த ஊர் மாவட்ட அளவு கோர்ட், சென்னைன்னு போட்டா தொகை பெருசா இருந்தா ஹைகோர்ட்டோட ஒரிஜினல் சைடு, அதாவது வழக்கை நேரடியா எடுத்து விசாரிக்கற பிரிவு. சின்னத் தொகைக்கு உள்ளூர், கோடியில போனா சென்னை, இது என் கருத்து. சென்னையில ஆர்பிட்ரேஷன் மட்டுமே பாக்கற வக்கீல்களும் ரிட்டயர்டு நீதிபதிகளும் கிடைப்பாங்க, ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் வேலை போகும். இதுல ஒரு நல்ல விஷயம், பார்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஹைகோர்ட்தான். புதுச்சேரி, காரைக்கால் மட்டும் இல்ல, கேரளாவுக்குள்ள இருக்கற மாஹேவும் ஆந்திராவுக்குள்ள இருக்கற ஏனாமும் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குக் கீழதான் வருது.

ஆர்பிட்ரேட்டரை "எங்க மேனேஜிங் டைரக்டர் நியமிப்பார்"னு எழுதியிருந்தா பயப்பட வேண்டாம். தகராறுல சொந்த லாபம் இருக்கறவர் தனி ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாதுன்னு 2019ல தீர்ப்பு, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் அரசு நிறுவனங்களுக்கும் சேத்து இதை உறுதி பண்ணிடுச்சு. வண்டி லோன் வாங்கினவங்களுக்கு ஃபைனான்ஸ் கம்பெனி தானா ஒரு ஆர்பிட்ரேட்டரைப் போட்டு சென்னையில இருந்து நோட்டீஸ் அனுப்புவாங்கல்ல, அதுக்கும் இதே பதில்தான்: எழுத்துல ஆட்சேபம் தெரிவிங்க, சும்மா போய் உக்காந்துட்டு வராதீங்க.

மூணு ஆர்பிட்ரேட்டர்னு இருந்தா அடிச்சுட்டு ஒருத்தர்னு போடுங்க. செலவு ஏன் அப்படின்னு கீழ வரும்.

உங்க சொந்த கொட்டேஷன்ல போட்டுக்க ஒரு கிளாஸ் வேணும்னா இப்படி வச்சுக்கலாம்:

"இந்த ஆர்டரில் இருந்தோ அது தொடர்பாகவோ எழும் எல்லாத் தகராறுகளும் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி இரு தரப்பும் சம்மதித்து நியமிக்கும் ஒரே ஆர்பிட்ரேட்டரால் தீர்க்கப்படும். சீட் கடலூர். விசாரணை மொழி தமிழ் அல்லது ஆங்கிலம். பிரிவு 29பி படி விரைவு நடைமுறை பின்பற்றப்படும்."

29பி போட்டா வாய்மொழி சாட்சி எல்லாம் பொதுவா இருக்காது, பேப்பரை வச்சே ஆறு மாசத்துல முடிக்கணும். இன்வாய்ஸும் சலானும் இருக்கற பாக்கி கேஸுக்கு அது போதும். ஆளு பிடிக்கறது, ஹால் பிடிக்கறது, ஃபீஸ் பேசறது எல்லாம் தலைவலின்னா ஹைகோர்ட் ஆர்பிட்ரேஷன் சென்டரோட மாதிரி கிளாஸை எடுத்து அப்படியே போட்டுக்கங்க.

ஸ்டாம்ப்

இதுவும் மாநில விஷயம்தான். 2024 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரண அக்ரிமெண்ட்டுக்கு 20 ரூபாய் பத்திரம் போய் 200 ரூபாய் ஆயிடுச்சு, புதுச்சேரிக்கு அட்டவணை வேற. எந்த ஊர்ல கையெழுத்து போடறீங்களோ அந்த ஊர் ஸ்டாம்ப் போடுங்க. சரக்கு மட்டும் விக்கிற ஒப்பந்தத்துக்கு பொதுவா விலக்கு உண்டு, ஜாப் ஒர்க், சர்வீஸ் கலந்த அக்ரிமெண்ட்டுக்குத்தான் கவனமா இருக்கணும். ஸ்டாம்ப் இல்லனா ஆர்பிட்ரேஷன் கிளாஸே செல்லாதுன்னு ஒரு காலத்துல எதிர்த்தரப்பு வக்கீல் கூத்தடிப்பாங்க, 2023 டிசம்பர்ல ஏழு நீதிபதி பெஞ்ச் அதை முடிச்சு வச்சுடுச்சு. செல்லாதுன்னு இல்ல, சரி பண்ணிக்கக் கூடிய குறைதான், அதையும் ஆர்பிட்ரேட்டரே பாத்துக்குவார். அபராதம் கட்டி சரி பண்றதை விட முதல்லயே போட்டுடறது சுலபம், அவ்ளோதான்.

பொருள் போன நாள்ல இருந்து எண்ண ஆரம்பிங்க

எம்எஸ்எம்இ சட்டத்துல 15வது பிரிவு: எழுத்துல கெடு பேசியிருந்தா அதிகபட்சம் 45 நாள். 90 நாள் கிரெடிட்டுன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் கொடுத்திருந்தாலும் 45தான். எழுத்துல ஒண்ணும் இல்லனா 15 நாள். பொருள்ல குறைன்னா 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும், சொல்லலன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். இந்த 15 நாள்தான் பின்னாடி உங்களைக் காப்பாத்தப் போகுது, ஏன்னா பணம் கேட்டதும்தான் எல்லாருக்கும் வெல்டிங் சரியில்ல, பெயின்ட் உரியுதுன்னு ஞாபகம் வரும். டெலிவரி சலான்ல தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்குங்க, கேட்ல செக்யூரிட்டி போடற கிறுக்கல் போதாது, ஸ்டோர்ஸ் சீல் வேணும்.

கெடு தாண்டினா வட்டி ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 5.5%னு வச்சுக்குவோம், மூணு மடங்கு 16.5%. 12 லட்சம் பாக்கி ஒரு வருஷம் நின்னா வட்டி மட்டும் 2.13 லட்சத்துக்கு மேல வருது. இதை ஒரு தாள்ல கணக்குப் போட்டு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டுக்கு அனுப்பிப் பாருங்க. கூடவே ஒரு வரி: 2024 மார்ச்சோட முடிஞ்ச கணக்கு வருஷத்துல இருந்து, மைக்ரோ ஸ்மால் யூனிட்டுக்கு கெடுவுக்குள்ள கட்டாத பில்லை, கட்டற வருஷம் வரைக்கும் செலவாக் காட்டி வரி குறைக்க முடியாது, அந்த வட்டியையும் செலவாக் காட்ட முடியாது. வக்கீல் நோட்டீஸுக்கு அசையாத கம்பெனி இந்த வரிக் கணக்குக்கு அசையும், மார்ச் மாசத்துல போன் அதுவா வரும்.

இதுக்கு நடுவுல மூணு வருஷக் கெடுவை மறக்காதீங்க. பாக்கி விழுந்த தேதியில இருந்து மூணு வருஷம் போச்சுன்னா கதை முடிஞ்சுது. வருஷா வருஷம் ஏப்ரல்ல பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர் அனுப்பி கையெழுத்து வாங்குங்க, கெடு முடியறதுக்குள்ள வாங்கின ஒவ்வொரு கையெழுத்தும் புது மூணு வருஷம் கொடுக்கும். கொஞ்சம் பணம் அனுப்பினாலும் அப்படித்தான், ஆனா அதுக்கு அவங்க எழுத்து ஆதாரம் இருக்கணும்.

கவுன்சில் வழி

உங்களுக்கு எம்எஸ்எம்இ தகுதி இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான், சின்னத் தொகைக்கு கண்ணை மூடிட்டு இதுக்கே போங்க.

எம்எஸ்எம்இ சட்டம் 18வது பிரிவுல அழகு என்னன்னா சப்ளையர் எந்த மாநிலத்துல இருக்காரோ அந்த மாநிலக் கவுன்சிலுக்கு அதிகாரம், வாங்கினவன் இந்தியாவுல எங்க இருந்தாலும் சரி. கடலூர் யூனிட்டுக்கு தமிழ்நாட்டுக் கவுன்சில், தட்டாஞ்சாவடி யூனிட்டுக்கு புதுச்சேரிக் கவுன்சில். கஸ்டமர் நொய்டாவுல இருந்தாலும் அவன்தான் இங்க வரணும். ஆர்டர்ல சீட் மும்பைன்னு ஆர்பிட்ரேஷன் கிளாஸ் இருந்தாலும் கவுன்சில் வழி அதை மீறி நிக்கும், 2022 அக்டோபர் தீர்ப்பு. மேல சொன்னேன்ல, சீட்டை மாத்த முடியாமப் போனவங்களுக்கு இதுதான் பின்வாசல்.

ரெண்டு மாநிலத்துலயும் யூனிட் வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், எந்த யூனிட் பேர்ல இன்வாய்ஸ், எந்த ஜிஎஸ்டி நம்பர், உதயம்ல எந்த முகவரி, இது மூணும் ஒத்துப் போகணும். பாகூர் ஷெட்ல செஞ்சு கடலூர் ஆபீஸ் பேர்ல பில்லு போட்டுட்டு புதுச்சேரிக் கவுன்சிலுக்குப் போனா முதல் ஆட்சேபமே அங்கதான் வரும்.

மனு ஆன்லைன்லதான். முதல்ல 2017ல சமாதான் போர்ட்டல் வந்துது. 2025 ஜூன்ல ஆன்லைன்லயே தகராறு தீர்க்கற புது போர்ட்டலும் வந்திருக்கு. உதயம் நம்பர், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், டெலிவரி ஆதாரம், இ-வே பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், வட்டிக் கணக்கு எல்லாத்தையும் தேதி வரிசையில ஸ்கேன் பண்ணி ஒரே ஃபைலா வச்சுக்கங்க. சந்தேகம்னா கடலூர்க்காரங்க மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க, எந்த மண்டலக் கவுன்சில்னு அவங்களே சொல்லிடுவாங்க. புதுச்சேரிக்காரங்க தட்டாஞ்சாவடியில இருக்கற தொழில் வணிகத் துறை.

அங்க முதல்ல சமரசப் பேச்சு. பல கேஸ் இங்கயே முடியும், வட்டியை விட்டுக் கொடுத்து அசலை வாங்கிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி, அது தப்பும் இல்ல. ஆனா தவணைன்னு ஒத்துக்கிட்டா ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ஒண்ணு தவறினாலும் முழு வட்டியும் திரும்பும்னு ஒரு வரி, ரெண்டு பேர் கையெழுத்து, இதெல்லாம் அந்த செட்டில்மெண்ட்லயே இருக்கணும். வாயால சொன்ன தவணைய நம்பி மனுவை வாபஸ் வாங்காதீங்க.

சமரசம் ஆகலன்னா கவுன்சிலே ஆர்பிட்ரேட்டரா மாறும், இல்லனா ஒரு சென்டருக்கு அனுப்பும். சட்டத்துல 90 நாள்னு எழுதியிருக்கு. அந்த 90ஐ நம்பி வீட்டுக் கல்யாணத் தேதி குறிக்காதீங்க, கேஸ் குவியற வேகத்துக்கு கவுன்சில் கூடற வேகம் பத்தாது. சமரசம் பேசின அதே ஆளுங்க ஆர்பிட்ரேட்டரா உக்காரலாமான்னும் ஒரு கேள்வி இருக்கு, 2022 தீர்ப்பு உக்காரலாம்னுது, 2025 ஜனவரியில தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் கேஸ்ல அதையும், கவுன்சில் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்ல ரிட் போகலாமாங்கறதையும் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்காங்க.

அவார்டு உங்க பக்கம் வந்துட்டா எதிராளிக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை. அதை ரத்து பண்ணக் கேட்டு கோர்ட்டுக்குப் போகணும்னா அவார்டு தொகையில 75% முன்கூட்டியே டெபாசிட் பண்ணணும். சாதாரண ஆர்பிட்ரேஷன்ல இது கிடையாது. இந்த ஒரு பிரிவுக்காகவே உதயம் எடுக்கலாம்.

கவுன்சில் இல்லாதவங்களுக்கு: சாதாரண ஆர்பிட்ரேஷன்

ஆர்பிட்ரேஷன் சட்டம் 21வது பிரிவு நோட்டீஸ்ல இருந்து ஆரம்பிக்குது. ஆர்டர் நம்பர், கிளாஸ் நம்பர், பாக்கி எவ்வளவு, இன்ன காரணத்துக்காக ஆர்பிட்ரேஷனுக்கு விடறோம், இன்னாரை ஆர்பிட்ரேட்டரா முன்மொழியறோம், 30 நாளுக்குள்ள பதில் சொல்லுங்க. ரிஜிஸ்டர் தபால்லயும் ஈமெயில்லயும் ரெண்டுலயும் அனுப்புங்க. எதிராளி கையில இது கிடைச்ச அன்னிக்குத்தான் ஆர்பிட்ரேஷன் சட்டப்படி தொடங்குது, லிமிடேஷன் (மேல சொன்ன மூணு வருஷக் கெடு) ஓட்டமும் அன்னிக்குத்தான் நிக்குது. மூணு வருஷம் முடியப் போற பில்லுன்னா கடைசி வாரம் வரைக்கும் வச்சிருக்காதீங்க.

30 நாள்ல பதில் இல்லனா, சீட் நம்ம பக்கம்னா மெட்ராஸ் ஹைகோர்ட்ல 11வது பிரிவு மனு, கோர்ட் ஒருத்தரை நியமிக்கும். எதிராளி சொத்தை வித்துட்டு ஓடற மாதிரி தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே 9வது பிரிவுல சீட் இருக்கற ஊர் கோர்ட்ல தடை கேக்கலாம், கிடைச்சா 90 நாளுக்குள்ள ஆர்பிட்ரேஷனை ஆரம்பிச்சுடணும்.

செலவுக் கணக்குக்கு வர்றேன். சட்டத்தோட நாலாவது அட்டவணையில மாதிரி ஃபீஸ் இருக்கு: 5 லட்சம் வரை 45,000. அதுக்கு மேல 20 லட்சம் வரை, 5 லட்சத்தைத் தாண்டின தொகைக்கு 3.5% கூட. 20 லட்சத்துல இருந்து 1 கோடி வரை 97,500, அதோட 20 லட்சத்தைத் தாண்டினதுக்கு 3%. ஒரே ஆர்பிட்ரேட்டர்னா 25% ஜாஸ்தி. நம்ம 12 லட்ச கேஸுக்கு 45,000 + 24,500 = 69,500, அது மேல 25% சேத்தா 86,875. ரெண்டு தரப்பும் பாதிப் பாதி. எதிராளி கட்டலன்னா அவன் பங்கையும் முதல்ல நீங்கதான் கட்டி ஓட்டணும், அப்புறம் அவார்டுல கேட்டு வாங்கிக்கலாம். மூணு பேர்னா மூணு ஃபீஸ். 3 லட்சம் பாக்கிக்கு இந்த அட்டவணைப்படி 56,250 வருது, கூட வக்கீல் ஃபீஸ், யோசிச்சுக்கங்க. அட்டவணை கட்டாயம் இல்ல, ரெண்டு தரப்பும் ஆர்பிட்ரேட்டரும் பேசி முடிவு பண்ணலாம், பேசறதை முதல் சிட்டிங்லயே பேசி எழுத்துல வாங்கிடுங்க.

மனு, பதில் மனு எல்லாம் ஆறு மாசத்துக்குள்ள முடியணும், அதுக்கப்புறம் 12 மாசத்துல அவார்டு, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா இன்னும் 6 மாசம், அதுக்கு மேலன்னா கோர்ட்ல நீட்டிப்பு வாங்கணும். வட்டி அக்ரிமெண்ட்ல எழுதியிருந்தா அது, இல்லனா ஆர்பிட்ரேட்டர் நியாயம்னு நினைக்கறது. அதனால இன்வாய்ஸ்ல "தாமதத்துக்கு வட்டி 18%"னு அச்சடிக்கறதோட நிக்காம, ஆர்டர் அக்செப்டன்ஸ் மெயில்லயும் அந்த வரியைச் சேத்து அவங்க பதில் வாங்கி வைங்க.

கிளாஸும் இல்ல, எம்எஸ்எம்இயும் இல்லன்னா வணிக நீதிமன்ற வழக்குதான், 3 லட்சத்துக்கு மேல இருந்தா. அவசரத் தடை கேக்காத கேஸ்னா முதல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மீடியேஷன் மனு போட்டே ஆகணும், போடாமப் போனா வழக்கையே எடுக்க மாட்டாங்க, 2022ல இது கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த மீடியேஷன்ல ஓடற நாள் லிமிடேஷன் கணக்குல சேராது.

அவார்டு வந்த பிறகு

எதிராளிக்கு அவார்டு கைக்கு வந்த தேதியில இருந்து மூணு மாசம், காரணம் காட்டினா இன்னும் 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது, ரத்து பண்ணச் சொல்லி மனு போட. மனு போட்டதுமே தானா ஸ்டே கிடைக்காது, தனியா கேக்கணும், கோர்ட் பொதுவா பணம் கட்டச் சொல்லும். முந்தி கோர்ட் ஒண்ணு அவார்டை வச்சிருக்கணும் இல்ல ரத்து பண்ணணும், நடுவுல வட்டியோ கூட்டல் கணக்கோ தப்புன்னா கூட முழுசையும் தூக்கிப் போட வேண்டியதா இருந்துது. சென்னையில இருந்து போன ஒரு கேஸ்ல 2025 ஏப்ரல் 30ல அஞ்சு நீதிபதி பெஞ்ச், குறிப்பிட்ட சில சூழ்நிலையில கோர்ட் அவார்டைத் திருத்தலாம்னு சொல்லியிருக்கு. சின்ன யூனிட்டுக்கு இது நல்லதுதான், திரும்ப முதல்ல இருந்து ஓட வேண்டாம்.

மனு போடற கெடு முடிஞ்சுதுன்னா அவார்டு கோர்ட் டிக்ரி மாதிரியே. இங்கதான் பார்டர் கடைசியா ஒரு தடவை வருது, நல்ல விதமா. சீட் கடலூர், கவுன்சில் தமிழ்நாடு, ஆனா எதிராளியோட மெஷினும் பேங்க் அக்கவுண்ட்டும் புதுச்சேரியில இருக்குன்னா, கடலூர் கோர்ட்டுக்குப் போய் டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு அப்புறம் அங்க போகணும்னு முன்ன சொல்லிட்டு இருந்தாங்க. 2018ல சுப்ரீம் கோர்ட், சொத்து எங்க இருக்கோ நேரா அங்கயே எக்ஸிகியூஷன் (அவார்டை நிறைவேத்தி வசூல் பண்ணித் தரக் கேக்கற மனு) போடலாம், டிரான்ஸ்ஃபர் தேவையில்லன்னு முடிச்சுடுச்சு. அதனால கேஸ் நடக்கும்போதே எதிராளி உங்களுக்குக் கொடுத்த பழைய செக், ஆர்டிஜிஎஸ் வந்த பேங்க் கிளை, ஷெட் சொந்தமா வாடகையா, எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கங்க. எக்ஸிகியூஷன் மனுவுல அட்டாச் பண்ண எதைக் காட்டப் போறீங்கன்னுதான் கோர்ட் முதல்ல கேக்கும், காட்ட 12 வருஷம் டைம் இருக்கு, ஆனா மெஷின் அவ்வளவு நாள் ஷெட்ல இருக்காது.